ஒரே நடிகர் ஊரையே நடித்துக் காட்டும்போது நாம் எதைப் பார்க்கிறோம்?

சில வருஷங்களுக்கு முன் ஒரு சின்ன அரங்கில் நாடகம் பார்க்கப் போயிருந்தேன், அறுபது நாற்காலி இருந்தால் அதிகம். மேடையில் ஒரே ஒருவர். வேட்டி, கை மடித்துவிட்ட சட்டை, தோளில் ஒரு துண்டு. வேறு ஒரு பொருள்கூட இல்லை. அவரே தாத்தா, அவரே மகன், அவரே மருமகள், எதிர்வீட்டுக்காரர், பால்காரர் எல்லாம். தாத்தா வரும்போதெல்லாம் மேடையின் இடது மூலையில் ஒரே இடத்தில் வந்து உட்காருவார், அங்கே ஒரு திண்ணை இருப்பதாகக் கணக்கு. பாதி நாடகத்தில் தாத்தா இறந்துபோகிறார். அதற்கப்புறம் ஒரு காட்சியில் மகனாக நடித்துக்கொண்டிருந்தவர் எதையோ எடுப்பதற்காக அந்த மூலையைக் குறுக்கே கடந்து, தாத்தா உட்கார்ந்திருந்த இடத்தை மிதித்துக்கொண்டே நடந்து போனார். எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா "அய்யய்யோ" என்று மெல்லச் சொன்னார். எனக்கும் வயிற்றில் ஏதோ செய்தது. அது வெறும் தரை.

அன்றைக்கு வீடு திரும்பும் வழியெல்லாம் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். பெரிய அரங்க அமைப்போடு, நிஜமாகவே மரத்தில் திண்ணை போட்டு, தாத்தாவுக்குத் தனி நடிகர் வைத்து எத்தனையோ நாடகம் பார்த்தாயிற்று, எந்தத் திண்ணையையும் யாராவது மிதித்தால் நான் பதறியதில்லை. இல்லாத திண்ணைக்குப் பதறினோம் என்றால், அந்தத் திண்ணையைக் கட்டியது நாங்கள் என்பதுதான் காரணம். பல பாத்திரங்களை ஒருவரே நடிக்கும் நாடகத்தின் ஈர்ப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் என் பதில் இதிலிருந்துதான் தொடங்கும்.

முதலில் பெயரைச் சரி செய்துகொள்வோம். ஓரங்க நாடகம் என்று இதைச் சிலர் சொல்கிறார்கள். ஓரங்கம் என்றால் ஒரே அங்கத்தில் முடியும் நாடகம், அதில் பத்துப் பேர் நடிக்கலாம். நான் சொல்வது ஓராள் நாடகம். அதிலும் ஒருவர் தன் கதையைத் தானே சொல்லிப் புலம்பும் வகை வேறு. இங்கே பேச்சு, ஒரே உடம்புக்குள் ஐந்து பேரோ ஐம்பது பேரோ வந்துபோகிற வகையைப் பற்றி மட்டும்.

இந்த வகை ஏன் இவ்வளவு நடக்கிறது என்றால் எல்லோரும் முதலில் சொல்வது செலவு. ஒரு சம்பளம், ஒரு ரயில் டிக்கெட், ஒரு பெட்டி, முடிந்தது. உண்மைதான், குழு நடத்துகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் நாடகம் போடுகிறவருக்கு மிச்சமாகிற பணம் டிக்கெட் வாங்கி வருகிறவருக்கு என்ன சுகத்தைத் தரும்? இரண்டாவதாகச் சொல்வது சாதனை. ஒருத்தர் ஒண்ணரை மணி நேரம் வசனத்தை மனப்பாடமாக வைத்துக்கொண்டு முப்பது பேராக மாறுகிறாரே என்ற வியப்பு. கழைக்கூத்தாடி கயிற்றின்மேல் நடப்பதைப் பார்க்கிற வியப்பு மாதிரி. இதுவும் உண்மை, ஆனால் அந்த வியப்புக்கு ஆயுள் பதினைந்து நிமிஷம். மராத்தியில் லக்ஷ்மண் தேஷ்பாண்டே 1979-இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் நடத்திய ஒரு நாடகம் உண்டு, மராத்வாடா கிராமத்திலிருந்து ஒரு கல்யாணக் கோஷ்டி லண்டனுக்குக் கிளம்பிப் போகிற கதை, ஒருவரே 52 பாத்திரங்கள், ஏறக்குறைய மூன்று மணி நேரம். 52 என்ற எண்ணிக்கைக்காக முதல்முறை போயிருப்பார்கள். மூன்று மணி நேரம் யாரும் எண்ணிக்கைக்காக உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

அப்போது எதற்காக உட்காருகிறோம்?

பலகுரலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது புரியும். பலகுரல் கலைஞர் ஒரு நடிகர் மாதிரிப் பேசினால் நாம் கைதட்டுவது, அந்த அசல் நமக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால். அசலும் நகலும் பொருந்துகிற இடத்தில் சந்தோஷம். ஓராள் நாடகத்தில் அசல் கிடையாது. அந்தப் பால்காரரை நமக்கு முன்னே பின்னே தெரியாது. ஐந்து விநாடிக்குள் நடிகர் அவரை அறிமுகப்படுத்த வேண்டும், அப்புறம் இருபது நிமிஷம் கழித்து அவர் மறுபடி வரும்போது பெயர் சொல்லாமலே நமக்குத் தெரிய வேண்டும். கேரளத்துப் பள்ளிக் கலைவிழாவான கலோத்சவத்தில் மோனோ ஆக்டையும் (ஒருவரே பல பாத்திரமாக நடிப்பது) மிமிக்ரியையும் (பலகுரல்) தனித்தனிப் போட்டியாகவே வைத்திருக்கிறார்கள், சரியான பிரிவினை அது. நான் கவனித்த வரைக்கும், ஒரு பாத்திரம் முதல் தடவை வரும்போது அரங்கம் சும்மா பார்த்துக்கொண்டுதான் இருக்கும். இரண்டாவது தடவை வரும்போதுதான் ஒரு சின்னச் சிரிப்பு, ஒரு அசைவு வரும். தோள் சற்றுச் சாய்ந்தது, விரல் மூக்குக் கண்ணாடியைத் தள்ளியது, உடனே "ஓ, இவர் வந்துட்டார்". அந்த ஆளை அடையாளம் கண்டுபிடித்தது நாம். தெருவில் தெரிந்தவரைத் தூரத்து நடையிலேயே கண்டுகொள்கிறோமே, அதே சந்தோஷம்.

இதன் தொழில்நுட்பத்தை மிகச் சுருக்கி வைத்திருப்பவர்கள் ஜப்பானின் ரக்குகோ கதைசொல்லிகள். ஒரு மெத்தையில் மண்டியிட்டு உட்கார்ந்தால் கதை முடிகிறவரை எழுந்திருக்க மாட்டார்கள். கையில் ஒரு விசிறி, ஒரு கைத்துண்டு. விசிறியே எழுதுகோல், விசிறியே நூடுல்ஸ் சாப்பிடும் குச்சி. ஆள் மாறுவதைக் காட்டுவது தலையைத் திருப்புவதில். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் பெரியவர் ஒரு பக்கம் பார்த்துப் பேசுவார், வாசலில் வந்து நிற்கிறவன் எதிர்ப்பக்கம் பார்த்துப் பேசுவான், அதனால் யார் பெரியவர், யார் கதவருகே நிற்கிறார் என்பது தலை திரும்பிய திசையிலேயே தெரிந்துவிடும். குரலை அதிகம் மாற்றுவதே இல்லை. நம் ஊரில் ஓராள் நாடகம் என்றதும் பெண் பாத்திரத்துக்குக் கீச்சுக் குரல், கிழவருக்கு இருமல் என்று தொடங்கிவிடுகிறார்களே, அதைவிட இந்தத் தலைத்திருப்பல் எவ்வளவு வலுவானது என்பதை ஒருமுறை பார்த்தால் போதும்.

பார்வை எந்த உயரத்தில் போய் நிற்கிறது என்பதும் முக்கியம். அப்பா குழந்தையிடம் பேசும்போது கண் கீழே இறங்கி ஒரு இடத்தில் நிற்கும். அந்த இடம் தரையிலிருந்து மூன்றடி என்றால், அடுத்த விநாடி நடிகர் குழந்தையாக மாறி மேலே பார்க்கும்போது நம் மனதில் மூன்றடிக் குழந்தை நிற்கிறது. அடுத்த காட்சியில் அதே அப்பா நான்கடி உயரத்தைப் பார்த்துப் பேசினால் குழந்தை வளர்ந்துவிட்டது, வசனமே வேண்டாம். தவறுதலாகப் பார்த்துவிட்டாலும் வளர்ந்துவிடும், அதுதான் சிக்கல்.

ஆனால் இதையெல்லாம் தாண்டி ஒரு விஷயம் இருக்கிறது. ஒருவரே நடிக்கும்போது, பேசுகிறவர் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிவார், கேட்கிறவர் தெரியமாட்டார். சாதாரண நாடகத்தில் மாமியார் திட்டும்போது மருமகள் முகம் எப்படிப் போகிறது என்று பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். இங்கே மாமியார் திட்டுகிறார், எதிரே காற்று. அந்தக் காற்றில் மருமகளின் முகத்தை வரைகிறது யார்? நாம்தான். ஒவ்வொருவரும் அவரவருக்குத் தெரிந்த முகத்தை வரைகிறோம், பெரும்பாலும் நம் வீட்டு முகத்தை. நல்ல நடிகருக்கு இது தெரியும், அதனால் திட்டிவிட்டு உடனே மருமகளாக மாறமாட்டார், ஒரு கணம் மாமியாராகவே நின்று அந்த முகத்தைப் பார்ப்பார். நாமும் அவரோடு சேர்ந்து பார்ப்போம்.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் கிடையாது. சமஸ்கிருதத்தில் பாணம் என்று ஒரு நாடக வகை உண்டு, நாட்டிய சாஸ்திரமே அதைச் சொல்கிறது. ஒரே நடிகர். விடன் ஒருவன், அதாவது ஊர்சுற்றும் உல்லாசக்காரன், நகரத்துத் தெருவில் நடந்துபோவான், எதிர்ப்படுகிறவர்களோடெல்லாம் பேசுவான், ஆனால் அவர்கள் யாரும் மேடைக்கு வருவதே கிடையாது. "கிம் ப்ரவீஷி?" என்பான், அதாவது "என்ன சொல்கிறாய்?" என்று காற்றைக் கேட்டுவிட்டு, அவர்கள் சொன்னதாகத் தானே திருப்பிச் சொல்லி அதற்குப் பதிலும் பேசுவான். ஆகாச பாஷிதம் என்று இதற்குப் பெயர். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒருவர் செல்பேசியில் "என்னது, நாளைக்கா? யார் சொன்னா? அவனா சொன்னான்?" என்று பேசிக்கொண்டிருந்தால், நாம் வேண்டாம் என்று நினைத்தாலும் மறுமுனை ஆளை மனசு உருவாக்கிவிடும் இல்லையா, அதேதான். நியூயார்க்கில் 1999-இல் மேடையேறிய 'ஃபுல்லி கமிட்டட்' என்ற நாடகம் டெலிபோனையே களமாக எடுத்துக்கொண்டது. இடம் கிடைக்காத ஒரு பெரிய உணவகம், அதன் அடித்தளத்தில் முன்பதிவு போன் எடுக்கும் ஒரு பையன், கெஞ்சுகிறவர்கள், மிரட்டுகிறவர்கள் என்று சுமார் நாற்பது பேர், எல்லோரும் ஒரே நடிகர்.

இந்தக் கலையின் உச்சம் என்று நான் நினைப்பது பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. கேரளத்தின் பழைய சமஸ்கிருத நாடகக் கலையான கூடியாட்டத்தில் பகர்ந்நாட்டம் என்று சொல்வார்கள், ஒரு பாத்திரத்தின் வேஷத்தில் இருந்துகொண்டே வேறு பாத்திரங்களாக மாறி மாறி நடிப்பது. கைலாசோத்தாரணம் என்ற பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். நடிகர் முழு ராவண வேஷத்தில் இருக்கிறார், முகத்தில் அவ்வளவு சாயம், தலையில் கிரீடம், எதிரே குத்துவிளக்கு, பின்னால் மிழாவு என்ற பானை வடிவ மேளம். கைலாச மலையைப் பெயர்த்துத் தூக்குகிறான் ராவணன். மலைமேல் அந்த நேரத்தில் சிவனுக்கும் பார்வதிக்கும் சண்டை, சடையில் ஒளிந்திருக்கும் கங்கையைப் பார்வதி கண்டுபிடித்துவிட்டாள். இப்போது ராவணனாக இருந்தவரே சிவனாகிறார், பார்வதியாகிறார். வேஷம் கலைக்க முடியாது, நேரமும் கிடையாது. தொங்கிக்கொண்டிருக்கும் துணியின் முனையை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்கிறார், அவ்வளவுதான், பெண்ணாகிவிட்டார். துணி இறங்கினால் மறுபடி சிவன். அம்மன்னூர் மாதவ சாக்கியார் (1917–2008) இதை நடித்துப் பெரும் பேர் வாங்கியவர். ராவணனின் சாயம் பூசிய அதே முகத்தில் பார்வதியின் பொறாமையும், அதை மறைக்கப் பார்க்கிற கௌரவமும், கண்ணில் நீர் கட்டுவதும் தெரிய வேண்டும், தெரிகிறது. மேலே ராவணன் முகம் இருக்கிறது என்பதையே கண் மறந்துவிடுகிறது. இது எப்படி என்று எனக்கு ரொம்ப நாள் ஆச்சரியம். பிறகு புரிந்தது, துணி செருகப்பட்ட அந்தக் கணத்தில் நடிகர் நம்மிடம் ஒரு ஒப்பந்தம் கேட்கிறார், நாம் சரி என்கிறோம். ஒப்புக்கொண்டவர்களுக்கு மட்டும்தான் பார்வதி தெரிவாள்.

சத்தீஸ்கரின் தீஜன் பாய்க்கு அந்த ஒப்பந்தப் பொருள் தம்பூரா. பாண்டவானியில் மகாபாரதத்தை ஒருவரே பாடி, பேசி, நடிக்க வேண்டும். பெண்கள் என்றால் உட்கார்ந்துதான் பாடலாம் என்றிருந்த காலத்தில் ஆண்கள் மாதிரி நின்று, நடந்து, கர்ஜித்துப் பாடியவர். கையில் இருக்கும் தம்பூரா பீமனிடம் போனால் கதாயுதம், அர்ச்சுனனிடம் வில். பெண்ணாக இருந்து இப்படிப் பாடியதற்காகச் சொந்தச் சமூகமே அவரை ஒதுக்கி வைத்தது, 2019-இல் பத்ம விபூஷண் வந்தது. நம் குமரி மாவட்டத்துத் தோல்பாவைக்கூத்திலும் திரைக்குப் பின்னால் ஒரே ஆள்தான் ராமனுக்கும் ராவணனுக்கும், கோமாளிகளான உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும் குரல் கொடுக்கிறார், ஆனால் அங்கே முகத்தைப் பாவை பார்த்துக்கொள்ளும். தீஜன் பாய் போன்றவர்களுக்குப் பாவையும் தானேதான்.

இதுவரை சொன்னது எப்படி நடக்கிறது என்பது. ஏன் ஒரே ஆள் என்ற கேள்வி தனி. என் அளவில், ஒரு ஓராள் நாடகம் நல்லதா என்று பார்க்க இந்தக் கேள்வி ஒன்றே போதும். இதையே ஆறு பேர் நடித்தால் ஏதாவது குறையுமா? குறையாது என்றால் அது வெறும் திறமைக் காட்சி. குறையும் என்றால் அங்கே விஷயம் இருக்கிறது.

குறையும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக உறுதியான சான்று அமெரிக்காவின் அன்னா டிவேர் ஸ்மித். 1991 ஆகஸ்டில் நியூயார்க்கின் புரூக்ளினில், கிரவுன் ஹைட்ஸ் என்ற பகுதியில், ஒரு யூத மதகுருவின் வாகன வரிசையில் வந்த கார் மோதி ஏழு வயது கறுப்பினச் சிறுவன் இறந்தான். சில மணி நேரத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த யூத மாணவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். கலவரம் நாள்கணக்கில் நீடித்தது. ஸ்மித் ஒலிப்பதிவுக் கருவியோடு இரண்டு தரப்பிலும் போய்ப் பேட்டி எடுத்தார், பிறகு 1992-இல் 'ஃபயர்ஸ் இன் த மிரர்' என்ற நாடகமாக அவர்கள் எல்லோரையும் தானே நடித்தார், இருபத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள். சொந்தமாக ஒரு வசனம் எழுதவில்லை, அவர்கள் சொன்னதையே, திக்கினது, இழுத்தது, பாதியில் நிறுத்தியது உட்படச் சொன்னார். மகனை இழந்த தகப்பன் அவரே, சகோதரனை இழந்த மனிதரும் அவரே. யூத இல்லத்தரசியும் அவர், தெருவில் நிற்கும் கறுப்பின இளைஞனும் அவர். இதைத் தனித்தனி நடிகர்கள் நடித்திருந்தால், நடிகரின் நிறத்தையும் தாடியையும் பார்த்த உடனே நாம் எந்தப் பக்கம் என்று முடிவு செய்திருப்போம். ஒரே பெண்ணின் முகம் இரண்டு பக்கத்துக்கும் மாறி மாறிப் பேசும்போது அப்படிக் கட்சி சேர முடியவில்லை. ஒருவர்மேல் கோபம் வருகிற நேரத்தில் அதே வாய் அடுத்தவருடைய துக்கத்தைச் சொல்லத் தொடங்கிவிடுகிறது. கலவரத்தில் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காத மனிதர்கள், ஒரு உடம்புக்குள் மட்டும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். நம் ஊர்க் கலவரங்களைப் பற்றி யாராவது இப்படி ஒன்று செய்ய வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

இன்னொன்று டக் ரைட் எழுதிய 'ஐ ஆம் மை ஓன் வைஃப்'. ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்ந்த பெர்லின்வாசி ஷார்லட் ஃபொன் மால்ஸ்டார்ஃபின் கதை. பழைய மரச்சாமான்களைக் காப்பாற்றி ஒரு அருங்காட்சியகம் வைத்திருந்தவர், நாஜிகளின் காலத்தையும் கிழக்கு ஜெர்மன் ஆட்சியையும் தாண்டி உயிரோடு இருந்தவர். பிறகு பார்த்தால், ரகசியப் போலீஸுக்குத் தகவல் கொடுத்தவர்கள் கோப்பில் அவர் பெயர் இருக்கிறது. அவர் சொன்னதில் எது உண்மை, எது கதை என்று தெரியாமல் எழுத்தாளரே திணறி, கடைசியில் தன்னையும் ஒரு பாத்திரமாக நாடகத்துக்குள் வைத்துவிட்டார். ஜெஃபர்சன் மேய்ஸ் கறுப்பு உடுப்பும் முத்துமாலையுமாக முப்பதுக்கும் மேற்பட்டவர்களை நடித்தார், 2004-இல் நாடகத்துக்குப் புலிட்சர் பரிசும் டோனி விருதும் கிடைத்தன. பிழைப்பதற்காகவே ஆளுக்கொரு முகம் காட்டிய ஒருவரின் கதையைச் சொல்ல ஒரே உடம்பைவிட்டால் வேறு வழி ஏது?

அண்மையில் பெரிதாகப் பேசப்பட்டது, ஆஸ்கர் வைல்டின் நாவலிலிருந்து வந்த, சாரா ஸ்னூக் நடித்த 'த பிக்சர் ஆஃப் டோரியன் கிரே'. 2020-இல் சிட்னியில் வேறொரு நடிகையோடு தொடங்கி, ஸ்னூக்கோடு 2024-இல் லண்டனுக்கும் அடுத்த வருஷம் பிராட்வேக்கும் போனது. 26 பாத்திரங்கள், மேடையிலேயே கேமராக்கள், பெரிய திரைகள், முன்பே எடுத்த காட்சியில் இருக்கும் தன்னோடே ஸ்னூக் பேசுவார். கண்ணாடியும் ஓவியமுமாக இருக்கிற கதைக்கு இந்த ஏற்பாடு பொருந்துகிறது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் எதிரே இருக்கும் முகத்தைத் திரையே வரைந்து கொடுத்துவிட்டால் பார்வையாளருக்கு வேலை குறைந்துபோகிறது. எனக்கு அந்த வேலைதான் பிடிக்கும்.

நடிகரின் உடம்புக்கு இதில் என்ன ஆகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். சார்லஸ் டிக்கன்ஸ் 1858 முதல் கட்டணம் வாங்கி மேடையில் தன் கதைகளைப் படித்துக் காட்டினார், படித்தார் என்று சொல்வதைவிட எல்லாப் பாத்திரமுமாக நடித்தார் என்பதே சரி. கடைசி ஆண்டுகளில் தன் 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் நான்சி என்ற பெண்ணை சைக்ஸ் என்பவன் அடித்துக் கொல்லும் காட்சியை எடுத்துக்கொண்டார், கொல்கிறவனும் அவரே, கெஞ்சுகிறவளும் அவரே. மேடையேறும் முன் 72 என்று இருந்த நாடித்துடிப்பு காட்சி முடியும்போது 100-ஐத் தாண்டியது, மருத்துவர் கூடவே இருந்து குறித்து வைத்தார். வேண்டாம் என்று சொன்னவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. 1870 மார்ச்சில் கடைசி வாசிப்பு, ஜூனில் இறந்துபோனார். ஒருவரை அடிக்கிற வெறியிலிருந்து அடிவாங்குகிறவளின் பயத்துக்கு ஒரு மூச்சில் போய், மறுமூச்சில் திரும்பி வருவது எந்த உடம்புக்கும் சும்மா நடக்காது. குழு நாடகத்தில் திரைமறைவுக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம். இங்கே திரைமறைவு கிடையாது.

தமிழில் இதைச் செய்கிற இளைஞர்கள் நிறைய வருகிறார்கள், கல்லூரி மேடையிலும் சின்ன அரங்குகளிலும் பார்க்கிறேன். அவர்களிடம் இரண்டு விஷயம் கெஞ்சிக் கேட்பேன். பாத்திரங்களுக்கு நடுவே "அப்போ அவர் என்ன சொன்னார்னா" என்று கதைசொல்லியை நுழைக்காதீர்கள், யார் பேசுகிறார் என்று எங்களுக்குத் தெரியும், தெரியாவிட்டால் வேலை உங்கள் தோளிலும் கண்ணிலும் பாக்கி இருக்கிறது. பெண்ணை நடிக்கும்போது குரலை ஏற்றாதீர்கள், சிரிப்பு வரும், பெண் வரமாட்டாள். துணி முனையைச் செருகின கையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கப் போகிறவர்களுக்கு, கிடைத்தால் நடு இருக்கையை எடுங்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் நடிகர் தலையைத் திருப்பும் கணக்கு பாதி தெரியாது, ஒரு பாத்திரம் முழுக்க முதுகுதான் கிடைக்கும். மூன்றாவது, நான்காவது வரிசை நல்லது, கண் எந்த உயரத்தில் நிற்கிறது என்பது அங்கிருந்து துல்லியமாகத் தெரியும்.